பச்சை எரியும் வீடு

மத்தியானத் தூக்கம் கலைந்து இன்னாசி கையைப் பார்த்தார். இடது மணிக்கட்டில் மூச்சுவளையம். அந்தக் கருமத்தை அவர் ஒருநாளும் போட்டதில்லை.

போதைப்பொடி பழகினவர்களுக்குத்தான் அது. தூத்துக்குடிக் கடலோரத்து அந்தக் குடியிருப்பில் ஆறு கட்டடம், முப்பத்தெட்டு வளையம். போட்டவனுக்குத் தொண்ணூறு எண்ணுகிற நேரம் மூச்சு வராவிட்டால் அது கத்தும். படிக்கட்டடியில் இருக்கிற காவல்பலகையில் அவன் பேருக்கு எதிரே எரியும் பச்சை சிவப்பாகும். பக்கத்து ஐந்து வீட்டில் மணி அடிக்கும். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி தானாகத் திறக்கும். அதிலிருக்கிற மூக்குமருந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியது அக்கம்பக்கத்தார் வேலை. இரண்டு வருஷத்தில் பதினொரு பேரைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். இன்னாசி அதை இல்லையென்று சொல்லவில்லை. "கத்த வேண்டிய சாமான் கத்தாம இருந்தா என்னல செய்வீங்க?" என்று மட்டும் கேட்பார். கிழவனுக்கு எதிலும் சந்தேகம் என்று சிரிப்பார்கள்.

வளையத்தின் பூட்டில் நீல நூல் சுற்றியிருந்தது. மகன் ரீகனுடையது.

ரீகனுக்கு இரண்டு தடவை கத்தியாகிவிட்டது. மூன்றாவது கத்தினால் ஒரு வருஷம் மறுவாழ்வு முகாம். படகு வேலையும் போய்விடும். அதற்குப் பயந்து, தூங்குகிற அப்பன் கையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். மூச்சு யாருடையது என்று அந்தச் சனியனுக்கு எப்படித் தெரியும்? ஒழுங்காக ஒரு மூச்சு வந்தால் அதற்குப் போதும்.

"ரீகன்! ஏல ரீகன்!"

அடுக்களையில் கிடந்தான், கேஸ் சிலிண்டரில் தலை சாய்ந்து. உதடு நாவல்பழ நிறம். தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.

இன்னாசி அவனை மல்லாத்திப்போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து நாலு தடவை ஊதினார். நெஞ்சு ஏறி இறங்கியது. விட்டால் நின்றது. வாசலுக்கு ஓடி எதிர் வீட்டுக் கதவில் அறைந்தார்.

ஜெரோன்சா திறந்தாள். அந்தக் கட்டடத்துக்கு மருந்து கொடுக்கப் பழகினவள் அவள்தான்.

"ஓடியாட்டி! ரீகன் மூச்சில்லாம கிடக்கான்!"

அவள் எட்டிக் கீழே பலகையைப் பார்த்தாள். "பச்சைதானே மாமா எரியுது."

"பச்சைய தூக்கி அடுப்புல போடு! வளையம் எங் கையில கிடக்கு, பாரு!"

"நீங்க ஏன் மாமா அத மாட்டுனீங்க? போன வாரமும் இப்படித்தான் கட்டடத்தையே கூட்டுனீங்க. பிள்ள தூங்கிட்டு இருந்தான். ரெண்டு நாளா உங்கள எல்லாரும் ஏசுனாங்க."

"அன்னைக்குத் தூங்குனான். இன்னைக்குச் சாகுதான்!"

"சிவப்பு எரியாம பெட்டி தெறக்காது மாமா, நான் தலைகீழா நின்னாலும். வண்டிக்குச் சொல்லுதேன், இருங்க." அவள் போனை எடுத்தாள். "வாரதுக்கு இருபது நிமிஷம் ஆகும்."

இருபது நிமிஷம்! இன்னாசி திரும்பி ஓடினார். ஊதினார். வளையத்தைக் கழற்றி அவன் கையிலேயே மாட்டலாமா? புதிதாகப் பூட்டினால் கால்மணி நேரம் அது புதுக் கைக்குப் பழகும், அதுவரைக்கும் பச்சைதான் என்று மாட்ட வந்தவன் சொன்னது நினைவிருந்தது. மறுபடி பூட்டாமல் கழற்றி எறிந்தால் மணி அடிக்காது. முகாமுக்குப் புகார் மட்டும் போகும்.

கத்த வைக்க ஒரே வழிதான். மூச்சை நிறுத்த வேண்டும். அவருடைய மூச்சை.

முப்பது வருஷம் சங்கு குளித்தவர். அப்போதெல்லாம் நூற்றிருபது எண்ணிவிட்டுத்தான் மேலே வருவார். இப்போது வயது எழுபத்தொன்று. மாடி ஏறினாலே இளைக்கிறது. அதுகூடப் பெரிதில்லை. அவர் மூச்சை அடக்குகிற தொண்ணூறு எண்ணிக்கையும் பையனுக்கு ஊத ஆளில்லை. பச்சை எரிகிறவரை ஜெரோன்சா வரமாட்டாள். ஊதினால் வளையம் பச்சை. ஊதாவிட்டால் இவன்.

ஆறு தடவை, நெஞ்சு நிறைய, அவனுக்கு ஊதினார். ஏழாவதைத் தனக்கென்று இழுத்து வாயை மூடினார்.

இருபது. மகனின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சிலிண்டரைப் பார்த்தார். நாற்பது. காதில் கடல் இரைந்தது. ஐம்பத்தைந்தில் நெஞ்சை யாரோ மிதித்தார்கள். கண் தானாக ரீகனிடம் போனது. நகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை ஊதலாமே என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. ஊதினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். எழுபது. எண்பதுக்கு மேல் எண் மறந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் சரிந்தார்.

வளையம் கத்தியது.

கதவுகள் திறக்கிற சத்தம். படியில் காலடி. ஜெரோன்சாதான் முதலில் வந்தாள். எந்தக் கை கத்துகிறதோ அந்த ஆள் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நீலம்பாரித்துக் கிடந்த கிழவரின் மூக்கில் மருந்தை அடித்துவிட்டாள்.

இன்னாசி தும்மிக்கொண்டு எழுந்தார். "எனக்கில்லட்டி, கூறுகெட்டவளே! அவனுக்கு!"

பெட்டியில் இருப்பது இரண்டே குப்பி. மற்றதைப் பிடுங்கி ரீகன் மூக்கில் வைத்து அழுத்தினார். ஜெரோன்சா குனிந்து ஊதினாள். ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷமும் போகப் பார்த்தது. ரீகன் முக்குளித்து வந்தவன் மாதிரி 'ஹக்' என்று மூச்சை இழுத்தான்.

அப்போதுதான் இன்னாசி பார்த்தார். ஜெரோன்சாவின் சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. பொடியைக் கண்ணால்கூடப் பார்க்காதவள் அவள். அவள் மணிக்கட்டில் ஒரு வளையம். அவர் பார்ப்பதைப் பார்த்து அவள் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

ரீகனை மறுநாளே முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இன்னாசிக்கும் ஒன்று கிடைத்தது. மருந்து மூக்கில் ஏறினவனெல்லாம் பொடிக்காரன் என்பது அவர்கள் சட்டம். பலகையில் ரீகன் பேர் இருந்த இடத்தில் அவர் பேர் ஏறியது. கையில் புது வளையம் ஏறியது. "இன்னொருக்க இப்படி மூச்ச அடக்குனா இதயம் தாங்காது, பெரியவரே" என்றார் டாக்டர்.

நாலாம் நாள் மத்தியானம் ரேஷன் கடை வரிசையில் ஜெரோன்சா நின்றாள், வேகாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு. இன்னாசி வரிசையை விட்டு விலகி, முடிந்த வேகத்தில் குடியிருப்புக்கு நடந்தார். பொடிக்காரனான அவள் புருஷன் அருள்தாஸ், கையில் வளையமில்லாமல் வீட்டில் தனியாக இருப்பான்.

பலகையில் முப்பத்தெட்டும் பச்சை. அதில் எத்தனை பச்சை அடுத்தவன் மூச்சில் எரிகிறதோ?

"அருள்தாசு! ஏ அருள்தாசு!"

உள்ளே டிவி ஓடியது. தாழ் போட்டிருந்தது. தோளால் முட்டினார், அசையவில்லை. மேல்மாடியிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். "மாமா, ஆரம்பிச்சிட்டீங்களா? பச்சைதானே எரியுது!"

இன்னாசி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கையிலிருந்த வளையத்தை ஒருதரம் பார்த்தார். நெஞ்சு நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டார்.

ஒன்று. இரண்டு.