பால் காப்பி நிறத்தில் ஒரு ஆயில்

வெண்டல் குப்புறக் கிடந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. டிராவர்ஸ் சிட்டி செர்ரிக் கிடங்குக்குப் பின்னால், பளபளவென்று துடைத்து வைத்த தன் பழைய காருக்குப் பக்கத்தில், பின்மண்டையில் ரத்தத்தோடு...

நல்லவேளை, உயிர் இருந்தது. மயங்கும் முன் ஆம்புலன்ஸ்காரர்களிடம் ஒரே வரிதான் சொன்னார்.

"பின்னாலேர்ந்து யாரோ அடிச்சுட்டாங்க... பார்க்கல."

மறுநாள் காலை பத்து மணி. ஏரிக்கரைப் புல்வெளியில் பழைய கார்க் கண்காட்சி. நாற்பது கார்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன.

போலீஸ் டெபுடி லொரெட்டா நேராக நார்பர்ட்டிடம் போனாள். காரணம் இருந்தது. வெகுதூரம் ஓட்டி வந்தவருக்கான கேடயத்தை மூன்று வருஷமாக வெண்டலே தட்டிக்கொண்டு போகிறார். 'உன் மண்டையைப் பிளக்கிறேன்' என்று போன மாதப் பழைய கார்ச் சங்கக் கூட்டத்தில் நாற்காலி மேல் ஏறிக் கத்தியவர் இந்த நார்பர்ட்.

"நேத்து அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"ரோட்டுல மேடம். டெட்ராய்ட்லேர்ந்து இருநூத்தம்பது மைல். இந்த அம்பத்தஞ்சு மாடலை நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். ஏழு மணிக்குத்தான் ஊருக்குள்ள நுழைஞ்சேன்."

"கூட யாரு?"

"நானும் வண்டியும்தான்."

"அப்போ வண்டிகிட்டயே கேட்டுக்கறேன்."

போலீஸில் சேரும் முன் லொரெட்டா ஆறு வருஷம் மெக்கானிக். பாவம், நார்பர்ட்டுக்கு அது தெரியாது.

ஆயில் மூடியைத் திருகி எடுத்தாள். அடியில் பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஒரு பசை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினாள். அதிலும் அதே நிறம்.

நார்பர்ட்டின் முகம் வெளுத்தது.

"ஐயோ... ஹெட் கேஸ்கட் போயி கூலன்ட் தண்ணி ஆயில்ல இறங்கிடுச்சா?"

"பொறுங்க."

ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். கூலன்ட் கழுத்து வரைக்கும் இருந்தது. எண்ணெய்ப் படலம் இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி மோந்து பார்த்தாள். வெள்ளைப் புகை இல்லை, இனிப்பு வாசனையும் இல்லை.

"கேஸ்கட் நல்லாதான் இருக்கு. இது வெறும் ஈரம். ஷெட்டுல அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சுக்கிட்டே இருந்தா எஞ்சின் சரியா சூடாகாது. உள்ள வேர்த்து ஆயில்ல கலந்துடும்."

"அப்பாடா."

"அப்பாடா சொல்லாதீங்க. இருநூத்தம்பது மைல் ஓடியிருந்தா இந்தத் தண்ணி மொத்தமும் ஆவியாப் போயிருக்கும். இந்த வண்டி நேத்து ரெண்டு மைல்கூட ஓடல. எப்பவோ கொண்டாந்து இந்த ஊர்ல ஒளிச்சு வச்சுட்டு, நேத்து வெண்டலுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

நார்பர்ட் இரண்டு கையையும் நீட்டினார்.

"கொலை முயற்சி. பத்து வருஷம் உள்ள இருக்கணும், தெரியுமில்ல?"

"இருக்கேன் மேடம். சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க."

விலங்கு மாட்டிய லொரெட்டாவுக்கே அது உறுத்தியது. இவ்வளவு அவசரமாக ஜெயிலுக்குப் போகிற ஆளை அவள் பார்த்ததில்லை.

அப்போது கையில் டோனட்டோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள் பெக்கி, நார்பர்ட்டின் மனைவி.

"அவரை விடும்மா. நேத்து அஞ்சு மணிக்கு இந்த மனுஷன் நூறு மைல் தள்ளி கிளேர் ஊர்ல என் பக்கத்துல உக்காந்து வெங்காய வளையம் தின்னுக்கிட்டு இருந்தாரு. பில்லு இருக்கு பாரு."

"பெக்கி, வாயை மூடு."

"எதுல உக்காந்து?"

"என் பிக்கப்புலதான். காரு பின்னாடி ட்ரெய்லர்ல வந்துச்சு."

கூட்டம் அப்படியே உறைந்தது!

அந்தச் சங்கத்தில் மண்டையை உடைத்தவனைக்கூட மன்னிப்பார்கள். காரை ட்ரெய்லரில் ஏற்றி வந்துவிட்டு 'ஓட்டி வந்தேன்' என்று சொன்னவனை மன்னிக்க மாட்டார்கள். நார்பர்ட் அவமானத்தில் குன்றிப்போனார்.

"ஜெயிலுக்கே போயிருப்பேனேடி..."

லொரெட்டா விடவில்லை.

"காரை எங்க இறக்குனீங்க?"

"எப்பவும் செர்ரிக் கிடங்கு பின்னாடிதான். நேத்து அங்க போலீஸ் நின்னுச்சா, சர்ச் பின்னாடி போயிட்டோம். போன வருஷம் கிடங்குல அரை மணி நேரம் வரிசையில நின்னோம்."

"யாருக்குப் பின்னாடி?"

"வெண்டலுக்கு."

லொரெட்டா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"வெண்டல், உங்களை அடிச்சது ஆளா, ட்ரெய்லர்லேர்ந்து காரை இறக்கற சரிவுப் பலகையா?"

மறுமுனையில் வெண்டல் குரலைத் தாழ்த்தினார்.

"...கொக்கி கழண்டு பலகை தலையில விழுந்துடுச்சு மேடம். முதல்ல ட்ரெய்லரை எடுத்துட்டு ஓடு, அப்புறமா ஆம்புலன்ஸைக் கூப்பிடுன்னு மச்சான்கிட்ட நான்தான் சொன்னேன். தயவுசெஞ்சு சங்கத்துல சொல்லிடாதீங்க."

விலங்கைக் கழற்றிவிட்டு மேடைக்கு நடந்தாள் லொரெட்டா. அங்கே கேடயத்துக்குப் பெயர் வாசிக்கத் தயாராக இருந்தார்கள். மைக்கை வாங்கினாள்.

"வெகுதூரம் ஓட்டி வந்தவங்க எல்லாரும் அப்படியே நில்லுங்க. ஒவ்வொரு வண்டியா வந்து ஆயில் மூடியைத் திறந்து பார்க்கப்போறேன்."

டப்... டப்... டப்... டப்...

முப்பத்தொன்பது பானெட்டுகள் மூடிக்கொண்டன.

நார்பர்ட் சிவந்துபோன மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மெல்லக் கையைத் தூக்கினார்.

"மேடம்... திறந்திருக்கறது என்னோடது மட்டும்தான். அப்போ கேடயம் எனக்குத்தானே?"