மூன்றாவது முறை கேட்டது

அந்தப் பக்கம் தமிழில்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் ஸுல்பிகாவே தட்டச்சு செய்திருந்தாள். ஆனாலும் மடிக்கணினித் திரையின் மேலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இறங்கி வந்து கேட்டது: 'இந்தப் பக்கம் தமிழில் இல்லை. தமிழுக்கு மாற்றவா?'

அப்படியானால் எந்த மொழியில் இருக்கிறதாம்? அதைச் சொல்ல வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. பக்கத்து வீட்டு வளவில் கவிழ்த்திருந்த தோணியின் மேல் போர்த்திய தறப்பாள் படபடத்துக்கொண்டிருக்க, ஈர வலையின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்று யன்னல் திரைச்சீலையை மெதுவாக உள்ளே தள்ளித் தள்ளி விட்டது, யாரோ திரைக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவதைப் போல.

நிலாவெளி ஹோட்டல்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பது அவளுடைய தொழில். வெள்ளைக்காரரின் பிரவுசர் ஹோட்டல் பெயரையும் கறியின் பெயரையும் கண்டபடி மாற்றிவிடும் என்பதால், பக்கத்தின் நிரல் தலைப்பில் 'இதை மொழிபெயர்க்காதே' என்று பிரவுசருக்குச் சொல்லும் வரியை எழுதாமல் அவள் எதையும் வெளியிடுவதில்லை. இந்தப் பக்கத்திலும் அந்த வரியைத்தான் முதலில் எழுதினாள். இது கணவன் முனீபின் பக்கம்.

கடலுக்குப் போகும்போதெல்லாம், கரையின் சிக்னல் அறுவதற்கு முன் அவன் குரல் செய்தி அனுப்புவான். போன மாரியில் இறக்கக்கண்டியிலிருந்து போன அவனுடைய போட் மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. அந்தச் செய்திகளை அவன் வாயால் கதைத்தபடியே, இருமல், சிரிப்பு, கெட்ட வார்த்தை எதையும் விடாமல் இந்தப் பக்கத்தில் எழுதி வைத்தாள்.

அவனுடைய தம்பி சஜீத் ஒருமுறை சொன்னான்: "மதினி, கொஞ்சம் திருத்தி நல்ல தமிழில போடுங்க. வெளிநாட்டுல உள்ள ஆக்களும் வாசிப்பாங்க."

"உங்கட காக்கா திருத்தின ஆளா தம்பி?" என்று அவனுடைய அண்ணனைச் சொல்லிக் கேட்டாள்.

ஆள் மௌத்து, இறந்துவிட்டான் என்று சனம் முடிவு செய்தபோது அவளிடம் யாரும் கேட்கவில்லை. வெள்ளை உடுத்து என்றார்கள், உடுத்தாள். அவன் உடுத்த சாரங்களைக் கொடுத்துவிடு என்றார்கள், கொடுத்தாள். ஏலாது என்று சொல்வதற்கு இந்தப் பக்கம் ஒன்றுதான் அவளிடம் மிஞ்சியிருந்தது. யார் திருத்தச் சொன்னாலும் அதை அவள் உரக்கவே சொன்னாள்.

பட்டை மறுபடியும் இறங்கியது.

'தமிழுக்கு மாற்றவா?'

நிரல் தலைப்பைத் திறந்து பார்த்தாள். தடுக்கும் வரி இருந்தது. பிழையில்லை. 'வேண்டாம்' என்ற பொத்தான் முன்னதைவிட வெளிறியிருந்தது. விரல் நோக அழுத்தினாள். அந்த நேரம் கரண்ட் போனது. விளக்கு போனது, ரவுட்டரின் பச்சை வெளிச்சமும் போனது. திரை மட்டும் எரிந்தது.

குசினியிலிருந்து ஆமினா உம்மா வந்தார். முனீபின் தாய். மகன் போன பிறகு மருமகளோடுதான் இருக்கிறார். கையில் இருந்த போன் அவருடைய முகத்தில் கீழிருந்து வெளிச்சம் போட்டது.

"மகள், இது என்னத்தையோ கேட்டுது."

"என்னத்த மாமி?"

"மாத்தவா எண்டு. மகன்ட பக்கத்தப் பாத்துக்கிட்டு இருந்தன். ரெண்டு தரம் வேணாமெண்டு அமத்தினன். பிறகும் கேட்டிச்சி. ஓம் எண்டு அமத்திட்டன்."

"ஐயோ, ஏன் மாமி?"

"மூணு தரம் கேட்டா மனிசர்தானே மகள்?"

கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில், பொழுது பட்ட பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கும் இரண்டாவது குரலுக்கும் பதில் சொல்வதில்லை. கடலிலிருந்து வரும், மனிதரல்லாத மற்றது இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாவது குரல் உயிருள்ள மனிதனுடையது. முனீபும் வேலிக்கு வெளியே நின்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பான்: "புள்ள, மூணாந்தரம். உயிரோடதான் வந்திருக்கன், திற."

போனை வாங்கிப் பார்த்தாள். அவன் கதைத்தது ஒன்றும் இல்லை. 'மனைவியே, உணவைத் தயார் செய்யவும். நான் வந்துகொண்டிருக்கிறேன்.' இருமல் இல்லை. சிரிப்பு இல்லை. கடைசியில், அவள் எழுதாத ஒரு வரி.

'நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.'

வேலிப் படலை கிறீச்சிட்டுத் திறந்தது.

"ஸுல்பிகா."

முனீபின் தொண்டை. செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பு. அவன் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஸுல்பிகா."

தறப்பாள் சத்தம் நின்றிருந்தது. மழைச் சத்தமும்.

"ஸுல்பிகா."

மூன்று.

மாமியின் கை கதவுக் கொண்டியை நோக்கிப் போனது. ஸுல்பிகா பாய்ந்து கதவில் முதுகை வைத்து நின்றாள்.

"அது அவர் இல்ல மாமி."

"குரல் என்ட புள்ளட குரல்!"

"குரல் அவர்ட. கதை அவர்ட இல்ல."

"மனைவியே, கதவைத் திறக்கவும்," என்றது வெளியே.

பலகைக்கு அந்தப் பக்கம், அவளுடைய பிடரியின் உயரத்தில். மாமிக்கும் கேட்கும்படி, அவள் அவனுடைய முதல் செய்தியை மனப்பாடமாக, உரக்கச் சொன்னாள்:

"புள்ள, கஞ்சிய மட்டும் காச்சி வை. கீரிமீனோட வாறன். மூஞ்சிய நீட்டாத."

"மனைவியே, கஞ்சியை மட்டும் தயாரிக்கவும். நான் மீனுடன் வருகிறேன். கவலை கொள்ள வேண்டாம்."

அடுத்ததைச் சொன்னாள். அதையும் மாற்றியது. அதற்கடுத்ததையும். ஒவ்வொரு முறையும் அது மாற்றிச் சொல்ல எடுத்த இடைவெளி குறைந்தது. கதவின் கீழால் வந்த தண்ணீர் அவளுடைய குதிக்காலைத் தொட்டது. இளஞ்சூடாக இருந்தது.

"மகளே," என்றார் மாமி.

ஸுல்பிகா திரும்பிப் பார்த்தாள். அதே முகம். வெற்றிலைக் காவி படிந்த அதே பற்கள்.

"மகளே, கதவைத் திறக்கவும்."

மேசையிலிருந்த திரையில் பட்டை இறங்கியிருந்தது. இந்தமுறை அதில் 'வேண்டாம்' இல்லை, ஒரே ஒரு பொத்தான்தான்.

"ஏலாது," என்றாள் ஸுல்பிகா.

மாமி புன்னகைத்தார். கை கொண்டியில் இருந்தது.

"ஏலாது!"

தொண்டை கிழிய மூன்றாவது முறை சொல்ல வாயைத் திறந்தாள். கதவுக்கு வெளியே, அவளுடைய சொந்தக் குரலில், அது முந்திக்கொண்டது.

"இயலாது."