நெருப்புப் பெட்டிக்குள் சுத்தியல்

டங்!

ஜெயத்தின் கையிலிருந்த மாலை நழுவி நிலக்கரித் தூளில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. தகரக் கூரையைச் சாயங்கால மழை அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சத்தம் மேலேயிருந்து வரவில்லை. எதிரே கறுப்பும் பித்தளையுமாக மின்னிக்கொண்டிருந்த நீராவி எஞ்சினுக்குள்ளேயிருந்து வந்தது.

"அகுஸ்தேன் தம்பி?"

கணவரின் சிநேகிதன் அகுஸ்தேன் இப்போதுதான் சாப்பிடக் கிளம்பினான். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக அவள் சிக்லோ ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதைப் பார்த்து, "சக்களத்திக்கு மாலையா அண்ணி? உங்களுக்குத் தாராள மனசுதான்!" என்று சிரித்தவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "காலையிலயே நெருப்பு மூட்டியாச்சு. வயசான பாய்லர், மெல்லத்தான் சூடேத்தணும். ஒரு ஃபோ சூப் குடிச்சிட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் இவளைப் பாத்துக்குங்க."

இத்தனை வருஷமும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்?

சைகோன் விழுந்த அந்த வருஷம் சொந்தக்காரர்கள் எல்லாரும் விமானம் ஏறினார்கள். ஜெயமும் பெட்டி கட்டிவிட்டாள். பென் தான் என்ற பெரிய சந்தையில் மசாலாப் பொடிக் கடை வைத்திருந்த அவள் கணவர் அழகப்பன் மட்டும், கொடி படர்ந்து, தோட்டா துளைத்துக் கிடந்த இந்தப் பிரெஞ்சு எஞ்சினைக் கண்டுபிடித்துவிட்டு வந்து நின்றார். "இவ ஒரு தடவை ஓடட்டும் ஜெயம். மறுநாளே ஊருக்குக் கிளம்பிடலாம்." முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் வெளிச்சம். கல்யாணப் பந்தலில்கூட அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

அவளுடைய வளையல்கள் செப்புக் குழாய்களாயின. கடை பாதியாயிற்று. அவள் தலை நரைத்தது. போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், எஞ்சினில் கரி எரியும் அறையான நெருப்புப் பெட்டிக்குள் தவழ்ந்து போய், சுவரைப் பிணைக்கும் இரும்புத் தண்டுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தண்டு கணீரென்று ஒலிக்கும். உடைந்தது ஊமையாகிவிடும். வெகுநேரம் கேட்ட சத்தம் நின்றது. களைத்து உட்கார்ந்திருப்பார் என்று வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள். நெஞ்சு நின்றுபோயிருந்தது. குறுகிய கதவு வழியாக அவரை வெளியே இழுத்தபோது வலது உள்ளங்கை இரும்புச் சுவரை விட்டு வர மறுத்ததாம்.

நாளைக்குக் காலையில் எஞ்சின் ஓடப்போகிறது, பியென் ஹோவா ஊர் வரைக்கும்.

டங்.

இரும்பு சூட்டில் விரிகிறது என்று ஜெயம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாலையை எடுத்து உதறினாள். கரிப்புகையும் எண்ணெயும் கலந்த வெப்பம் முகத்தில் மோதியது. அதற்கு அடியில், மெலிதாக, இன்னொரு வாசனை. வறுத்த மல்லி. ராத்திரி சட்டையைக் கழற்றி அவர் ஆணியில் மாட்டும்போது அறை முழுக்கப் பரவுமே, அதே வாசனை.

டங். டங்.

சத்தம் நகர்ந்தது. இடமிருந்து வலமாக, ஒரு வரிசை. பிறகு கீழே, அடுத்த வரிசை. ஓரிடத்தில் தயங்கியது. அதே இடத்தில் மெதுவாக இன்னொரு தட்டு. சந்தேகம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். காதைச் சாய்த்துக்கொண்டு, குழந்தையின் நெஞ்சைக் கேட்கிற மாதிரி.

உள்ளே நெருப்பு எரிகிறது. காலையிலிருந்து எரிகிறது.

ஜெயம் ஓடியிருக்கலாம். தெருவில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் கால்கள் எஞ்சின் படியில் ஏறின. கைப்பிடி சுட்டது. விடவில்லை. ஒரு படி. இன்னொரு படி.

"என்னங்க..."

தட்டல் நின்றது.

மழை. தண்ணீர் கொதிக்கும் முனகல். அவளுடைய மூச்சு.

"நாளைக்கு ஓடிடுவா. நீங்க நெனச்சது நடந்துடுச்சு." நெருப்புப் பெட்டியின் கதவருகே குனிந்தாள். "பெட்டி கட்டி வச்சிருக்கேன். எனக்கு வேற யாருங்க இருக்கா? வாங்க, போகலாம்."



டங்.

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கதவின் நெம்புகோலை இழுத்தாள். கதவு பிளந்தது. வெளிச்சம் கண்ணை அறைந்தது. புருவம் பொசுங்கும் நாற்றம்.

பார்த்தாள்.

தணலின் நடுவே முழங்காலிட்டிருந்தார். முதுகு இவள் பக்கம். சுவரில் கன்னத்தை வைத்து அழுத்தியிருந்தார். சட்டை எரிந்தது. சதை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. தீரவில்லை.

மெல்லத் திரும்பினார்.

அவர்தான். அவள் போட்ட வாய்க்கரிசி உதட்டோரத்தில் கருகாமல், வெள்ளையாக, ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் வலி இல்லை. பந்தலில் அவள் பார்க்காத அந்த வெளிச்சம் இருந்தது.

ஜெயம் கையை நீட்டினாள். அவர் போன பிறகும் கழற்றாத கண்ணாடி வளையல்கள் வெடித்துச் சிதறின. கையை இழுக்கவில்லை.

"வாங்க..."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேலைக்கு நடுவே வந்து தொந்தரவு செய்யும் மனைவியிடம் பேசும் அதே பொறுமையான குரல் வந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போ ஜெயம். இவளுக்குக் குளிருது."