இடித்தது நான்தான்

'டொம்' என்று ஒரு சத்தம்... அவ்வளவுதான். கொட்டுகிற மழையில் அதுகூடச் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடித்தது நானா? இல்லை, என்னை இடித்துவிட்டார்களா? ரிவர்ஸ் எடுத்தது நினைவிருந்தது. பின்னால் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்ததும் நினைவிருந்தது. அதற்கப்புறம் தன் கால் என்ன செய்தது என்பதை மட்டும்... நினைக்கவே பிடிக்கவில்லை.

குடையை மறந்துவிட்டு இறங்கினாள். கடை வளாகத்தின் கார் நிறுத்துமிடம் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய நீலக் காரும், எதிர் வரிசையிலிருந்து அதே நேரத்தில் பின்னால் வந்த ஒரு வெள்ளைக் காரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. வெள்ளைக் காரிலிருந்து ஒருவன் இறங்கினான். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. கழற்றிச் சட்டையில் துடைத்தான். சட்டையே தொப்பலாக நனைந்திருந்ததால், துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் மங்கியது. கடைசியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்கண்ணால் அவளைப் பார்த்தான்.

ஐயோ... என்ன கண்கள் அவை! இமையில் மழை தங்கி, கொஞ்சம் சுருங்கி, அவள் யார் என்று தேடுவது போல... காரை இடித்த நேரத்தில் யாராவது இதைக் கவனிப்பார்களா? அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

"சாரி சார், தப்பு என் மேலதான்."

"சாரி மேடம், தப்பு என் மேலதான்."

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

"இல்ல சார், நான்தான் இடிச்சேன்."

"அட, இல்லைங்க! நான்தான் இடிச்சேன்."

"நான்தான்னு சொல்றேன்ல?" அவள் குரல் உயர்ந்துவிட்டது.

"அதுக்கு ஏங்க கோவப்படறீங்க?"

நீளமான மழைக்கோட்டு போட்ட காவலாளி நடுவில் வந்து நின்றார். "சண்டை போடறதா இருந்தா போடுங்க, விலக்கி விடறேன். இல்லன்னா வண்டிய எடுங்க. இதென்ன புதுசா இருக்கு... தலையும் புரியல, வாலும் புரியல!"

தொலைபேசி எண்ணும் இன்சூரன்ஸ் விவரமும் மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். 'மரியாதைக்குச் சொல்கிறான்' என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் இடித்தது யார் என்று அவள் காலுக்குத் தெரியும். எப்படி இடித்தாள் என்பதை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. ஊருக்கே கார் ஓட்டச் சொல்லித் தருகிற டிரைவிங் ஸ்கூல் டீச்சர் அவள்.

அன்று மாலையே இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பினாள். 'விபத்து எப்படி நேர்ந்தது?' என்ற இடத்தில் 'தவறு என்னுடையது. கவனக்குறைவு' என்று எழுதி, அனுப்பியும் விட்டாள். அதற்கப்புறம்தான் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அடிப் பைத்தியமே! தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தியா?" அக்கா அலறினாள். "உங்க ஸ்கூல்ல என்ன ரூல்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சொல்லித் தருகிறவர் மேல் ஒரு விபத்து பதிவானால், ஆறு மாதம் காரில் ஏறக் கூடாது. ஆபீஸில் உட்கார்ந்து விண்ணப்பம் சரிபார்க்க வேண்டியதுதான். ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும் அந்த இருக்கை அவளுடைய உயிர். நடுங்குகிற கை ஒரு நாள் நடுங்காமல் கியர் மாற்றுவதை அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

"நான் தினமும் பசங்ககிட்ட சொல்றது என்னக்கா? இடிச்சா ஒத்துக்கோன்னுதானே?"

"சரி சரி, பிரசங்கம் போதும். ஆள் எப்படி?"

"எந்த ஆள்?"

"இடிச்ச ஆள்டீ!"

"நான்தான் இடிச்சேன்னு சொல்றேன்ல!" என்று போனை வைத்தாள். முகம் ஏன் இப்படிச் சூடாகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் மறுபடி சந்தித்தார்கள். அவள் காரின் டிக்கி மூடவே இல்லை. கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவன் காருக்குப் பம்பரில் பள்ளம் மட்டும்தான். இன்சூரன்ஸ் சர்வேயரம்மா வந்து, குனிந்து, நிமிர்ந்து, இரண்டு வண்டிகளையும் பதினைந்து படம் எடுத்துக்கொண்டு போனார்.

மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "டீச்சர், உங்க வண்டில டிங்கரிங் வேலை நிறைய இருக்கு. இன்சூரன்ஸ்காரங்க சரின்னு சொன்னாத்தான் கை வைப்பேன்."

"டீச்சரா? நீங்க எந்த ஸ்கூல் டீச்சர்?" என்றான் அவன்.

"...டிரைவிங் ஸ்கூல்."

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். தோள் குலுங்கியது.

"சிரிச்சிடுங்க சார். அடக்கினா வயித்து வலி வரும்."

"சத்தியமா சிரிக்கல..." என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். "நான் மூக்குக்கண்ணாடிக் கடைல கண் டெஸ்ட் பண்றவன். நீங்களும் சிரிச்சிக்கோங்க, கணக்கு சரியாயிடும்."

சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். மூலையில் இருந்த காபி இயந்திரம் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெந்நீர் மட்டுமே கொடுத்தது. அந்த வெந்நீரைக் காகிதக் கோப்பையில் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தபடி ஒரு மணி நேரம் பேசினார்கள். அவள் இடது கண் களைத்திருப்பதாக அவன் சொன்னான். உட்காரும்போதுகூட அவன் பின்னால் பார்ப்பதில்லை என்று அவள் சொன்னாள். பேச்சு வாக்கில் அந்த ஆறு மாத ரூலையும் சொல்லிவிட்டாள்.

அவன் முகம் மாறியது. "நான் இன்னும் படிவம் அனுப்பல டீச்சர்" என்றான் மெதுவாக. அதற்கப்புறம் அதிகம் பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் குழப்பம். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? ஏன் திடீரென்று வாயை மூடிக்கொண்டான்? மூடிக்கொண்டால் எனக்கென்ன? எனக்கென்ன என்றால் ஏன் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இறங்கினேன்?

வியாழக்கிழமை சர்வேயரம்மா போன் செய்தார்.

"என்னம்மா இது? நீங்க 'தவறு என்னுடையது'ன்னு எழுதியிருக்கீங்க. அவரும் 'தவறு என்னுடையது'ன்னு எழுதியிருக்கார். என் சர்வீஸ்ல எல்லாரும் அடுத்தவங்க மேலதான் பழி போடுவாங்க. ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா? பேசி வெச்சு இடிச்சீங்களான்னு கம்பெனி கேக்குது. ஃபைலை நிறுத்தி வெச்சிருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு மாத ரூலைக் கேட்டுவிட்டு, பாவம் பார்த்து எழுதியிருக்கிறான்! அவளுக்காகப் பொய்! உடனே அவன் எண்ணை அழுத்தினாள்.

"உங்களை யாரு சார் கேட்டா? என் தப்பைத் தூக்கி உங்க தலைல போட்டுக்க நீங்க யாரு?"

"டீச்சர், நான் எழுதினது நிஜம்."

"அப்ப எப்படி இடிச்சீங்க? சொல்லுங்க."

"அது வந்து டீச்சர்..."

"சொல்லுங்க சார்!"

"அது... சொல்ற மாதிரி இல்ல டீச்சர்."

"பொய்னா எப்படிச் சொல்ல வரும்? எனக்கு யாரோட இரக்கமும் வேணாம். நாளைக்கு வந்து வாபஸ் வாங்கிடுங்க." வைத்துவிட்டாள். வைத்த பிறகு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகையா, வேறு எதனாலாவது வந்ததா... அவளுக்கே தெரியவில்லை. அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனே என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் சர்வேயரம்மாவின் மேஜை ஜன்னலோரம் இருந்தது. வெளியே மறுபடி மழை. அவனுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு அவள் உட்கார்ந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் நீலச் சட்டை என்பதும், சரியாகத் தூங்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

"முதல்ல நீங்க சொல்லுங்க சார்" என்றார் சர்வேயரம்மா. "எப்படி இடிச்சீங்க? இது விசாரணை. சொல்லித்தான் ஆகணும்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். மாட்டினான். மறுபடி கழற்றினான்.

"மேடம்... தினமும் நூறு பேர்கிட்ட எழுத்தைப் படிக்கச் சொல்றவன் நான். எங்க எழுத்தைப் பார்த்தாலும் எவ்வளவு தூரத்துல படிக்க முடியுதுன்னு என்னையே டெஸ்ட் பண்ணிக்குவேன். அன்னைக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது, வண்டியோட கண்ணாடில இவங்க நம்பர் பிளேட் இடம் வலம் மாறித் தெரிஞ்சுது. மழை வேற. முதல் எழுத்தைப் படிச்சேன். ரெண்டாவது, மூணாவது... நேரம் ஆக ஆக நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுது. பரவால்லையே, நம்ம கண்ணு பிரமாதமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்..." அவன் குரல் தேய்ந்தது. "எழுத்து ஏன் பெரிசாகிட்டே வருதுன்னு மட்டும் யோசிக்கல."

சர்வேயரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கண் டெஸ்ட் பண்றவன் ஒரு காரே வந்ததைப் பாக்கலன்னா வெளிய சொல்ல முடியுமா மேடம்? அதான் நேத்து டீச்சர் கேட்டப்போ வாய் வரல. இரக்கம் எல்லாம் இல்ல. வெக்கம்."

அவள் மெல்லத் திரும்பினாள். அவன் காது நுனிவரை சிவந்திருந்தது. பொய் சொல்கிறவனுக்குக் காது இப்படிச் சிவக்காது. நேற்றைக்கு என்னென்ன பேசிவிட்டேன்... 'நீங்க யாரு' என்றுகூடக் கேட்டேனே!

"சரி. அப்ப விஷயம் சுலபம்" என்றார் சர்வேயரம்மா. "இவர் பின்னாடி பாக்கல. நீங்கம்மா, 'கவனக்குறைவு'ன்னு பொதுவா எழுதியிருக்கீங்க. பயத்துல எழுதினேன்னு ஒரு வரி குடுத்து வாபஸ் வாங்கிட்டீங்கன்னா, தவறு முழுக்க இவர் பேர்ல போயிடும். உங்க மேல எதுவும் பதிவாகாது."

"வாங்கிக்கோங்க டீச்சர்" என்றான் அவன் சட்டென்று. "எனக்கு எந்த நஷ்டமும் இல்ல. உங்க சீட்டு போயிடக் கூடாது."

ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதினால் திங்கட்கிழமை அவள் இருக்கை அவளுக்கு. பேனாவை எடுத்தாள். மேஜையில் இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, 'இடிச்சா ஒத்துக்கோ' என்று இனி எந்த முகத்தோடு சொல்வது? பேனாவை வைத்துவிட்டாள்.

"மேடம், நானும்தான் இடிச்சேன். ஸ்கூல் வண்டில என் கால்கிட்ட ஒரே ஒரு பெடல்தான் இருக்கும். அது பிரேக். ஓட்டறவங்க தப்பு பண்ணினா நான் அதை மிதிச்சு நிறுத்திடுவேன். வருஷக்கணக்கா அதே பழக்கம். அன்னைக்குப் பின்னாடி வெளிச்சம் தெரிஞ்சதும் பதறிப்போய், அதே பழக்கத்துல கால்ல பட்ட பெடலை ஓங்கி மிதிச்சேன்." கண்களை இறுக மூடிக்கொண்டாள். "ஆனா நான் இருந்தது என் சொந்த வண்டில. மிதிச்சது ஆக்சிலேட்டர்."

யாரும் சிரிக்கவில்லை. சர்வேயரம்மாவுக்கு மட்டும் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. படங்களை எடுத்துப் பரப்பினார். "பள்ளத்தைப் பார்த்தப்பவே நினைச்சேன். ரெண்டு வண்டியும் ஓடிட்டிருந்திருக்கு. பாதித் தவறு அவர், பாதி நீங்க. இதுல கையெழுத்துப் போடுங்க."

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'எதிர்த் தரப்பினரை உங்களுக்குத் தெரியுமா?' அவன் தயங்காமல் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டதைப் பார்த்தாள். சரிதானே? சரியாக இருப்பதுதான் அவளுக்கு வலித்தது.

"மேடம், இது இடிச்ச அன்னைக்கா... இன்னைக்கா?"

"அன்னைக்கும்மா. இன்னைக்குள்ளது கம்பெனிக்கு வேணாம்" என்று சர்வேயரம்மா இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "அது உங்க பாடு."

கிளம்ப எழுந்தவன் நின்றான். "மேடம், நீங்க தாளை ரொம்பத் தள்ளிப் பிடிச்சுப் படிக்கறீங்க. பவர் மாறியிருக்கும், ஒரு நாள் கடைக்கு வாங்க."

"போங்க சார் முதல்ல!"

வெளியே வாசல் கூரையடியில் இருவரும் நின்றார்கள். வெள்ளைக் கார் பம்பரில் பள்ளத்தோடு எதிரில் நனைந்துகொண்டிருந்தது. அவள் பஸ்ஸில் வந்திருந்தாள். நீலக் காரில் மெக்கானிக் இனிமேல்தான் கை வைப்பார்.

"நேத்து பேசினதுக்கு சாரி" என்றாள். "எனக்கு ஒண்ணுமே புரியல சார். இடிச்ச நாள்லேர்ந்து எதுவும் புரியல. எதுக்குக் கோவம் வருது, எதுக்கு அழுகை வருதுன்னு..."

"எனக்கும்தான். கடைல நேத்து ஒருத்தர் எல்லா எழுத்தையும் தப்பா படிச்சார். எல்லாம் சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்." அவன் காது மறுபடி சிவந்தது. "இப்ப உங்களுக்கு ஆறு மாசம் சீட்டு இல்லையே டீச்சர்..."

"இல்ல."

"என் வண்டில பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. ரொம்ப நாளா. நீங்க வந்து உக்காந்தா... ஆறு மாசத்துக்குன்னு மட்டும் சொல்லல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

மழை சோவென்று கொட்டியது. அவள் நனைந்துகொண்டே ஓடிப்போய் வெள்ளைக் காரின் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் சுற்றி வந்து ஏறினான். சாவியைத் திருப்பினான். ரிவர்ஸ் போட்டு, இந்த முறை கண்ணாடியை நம்பாமல் உடம்போடு திரும்பிப் பின்னால் பார்த்தான்.

கார் நகர்ந்ததும் அவள் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்ல" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள். "எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க பின்னாடி பாருங்க!"