மேசையில் எழுந்த கை

அறுபத்தெட்டாம் ஆண்டு ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், அமானுல்லாவின் கொட்டகை வாசலில் லாரி வந்து நின்றது. விருத்தாசலம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், பீங்கான் உடைசல் கொட்டி மேடாக்கிய மண்ணில் நின்றது அந்தத் தகரக் கொட்டகை. பீங்கான் சாமான்களை அடுக்கி வெளியூருக்கு அனுப்பும் மாமரப் பெட்டிகள் அங்கே தயாராயின. லாரியிலிருந்து எட்டுப் பேர் வடக்கயிறு போட்டு இறக்கியது ஒரு பழைய இழைப்பு இயந்திரம். கடலூர்த் துறைமுகத்தருகே மூடிக் கிடந்த மரப்பட்டறை ஒன்றில் அமானுல்லா அதை வாங்கியிருந்தார். நீண்ட இரண்டு இரும்பு மேசைகள். அவற்றுக்கிடையே ஒரு வாய். வாய்க்குள் கத்திகள் பூட்டிய உருளை. பலகையைக் கையால் அழுத்தித் தள்ளினால், சுழலும் கத்தி அடிப்பக்கத்தைச் சீவிவிடும்.

இந்த இயந்திரத்தை நம்பித்தான் அவருடைய தங்கை கணவன் ஷபியுல்லா பிழைப்புக்காகப் பினாங்குக்குக் கப்பல் ஏறாமல் நின்றிருந்தான். திருமணமாகி நான்கு மாதமே ஆகியிருந்தது.

"அவரு போவவும் கூடாது, உங்க மிஷின்ல கைய வுட்டுக்கவும் கூடாது. ரெண்டுக்கும் நீங்கதான் பொறுப்பு, அண்ணே," என்று தங்கை சாதிகா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இயந்திரம் எந்த ஊர் வார்ப்பு, எந்தக் காலத்தது என்று தெரிந்தால்தான் அதற்குரிய உதிரிகளைத் தேட முடியும். ஆகவே இயந்திரம் பூட்டும் பிட்டர் கலியமூர்த்தியும் அமானுல்லாவும் உட்கார்ந்து அதன் வர்ணப் பூச்சைச் சுரண்டினர். பச்சை போயிற்று; சாம்பல் போயிற்று; கறுப்பும் போயிற்று. காலடியில் பெயர் இருந்த இடம் தெரிந்தது. புடைப்பாக வார்த்திருந்த எழுத்துகளை யாரோ உளி வைத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டி எறிந்திருந்தனர்.

"திருட்டு மாட்டுக்குக்கூட எவனும் இவ்ளோ மெனக்கெட மாட்டான் பாய்," என்றார் கலியமூர்த்தி. "அப்படி என்னத்த மறைச்சான்?"

அடுத்த வேலை மேசையின் மட்டத்தைச் சோதிப்பது. எண்ணெயில் குழைத்த சிவப்பு ஈயப் பொடியை நேரான இரும்புச் சட்டத்தில் மெல்லியதாகப் பூசி, மேசைமேல் தேய்க்க வேண்டும். மேடான இடங்களில் மட்டும் சிவப்பு ஒட்டும். ஒட்டிய இடத்தைச் சுரண்டினால் மேசை சமமாகிவிடும்.

அமானுல்லா சட்டத்தைத் தேய்த்து எடுத்தார்.

மேசையின் நடுவே ஓர் உள்ளங்கை சிவந்திருந்தது. அதிலிருந்து ஐந்து விரல்கள் வாயை நோக்கி விரிந்திருந்தன.

"வெத்தல போட்டவன் எவனோ கைய வெச்சிட்டான்," என்று கலியமூர்த்தி சிரித்தார். பக்கத்தில் நின்ற ஷபியுல்லாவும் சிரித்துக்கொண்டே தன் வலக்கையை அதன்மேல் வைத்தான்.

பொருந்தியது. சிறு வயதில் முறிந்து கோணலாய்க் கூடிய அவனுடைய சுண்டுவிரல்கூட, கோணல் மாறாமல் பொருந்தியது.

அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அமானுல்லா அந்த மேட்டைத் தாமே சுரண்டி வழித்தார். மறுநாள் மீண்டும் சட்டத்தைத் தேய்த்தார். கை இருந்தது. வாய்க்கு ஒரு சாண் நெருங்கியிருந்தது.

மறுபடியும் சுரண்டினார்.

மூன்றாம் நாள் உள்ளங்கை மட்டும் வாயை ஒட்டிய மேசை விளிம்பில் சிவந்திருந்தது.

விரல்கள் இல்லை.

இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினால் ஷபியுல்லா கப்பல் ஏறுவான். அவனை ஓட்டவிட்டாலோ, விரல்கள் போகும். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மரம் பார்த்து வருமாறு ஷபியுல்லாவைக் காலை பஸ்ஸில் பெண்ணாடத்துக்கு அனுப்பிவிட்டு, மோட்டாரை முடுக்கினார்.

"நீங்களா ஓட்டப் போறீங்க?" என்றார் கலியமூர்த்தி.

"அது தேடுறது என் கைய இல்லியே. ஓடுதான்னு பாத்துடுவோம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் பகலிலேயே இருள் அடர்ந்தது. முதல் பலகை வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பலகை பாதி சென்றபோது, அவருடைய வலக்கையின்மேல் மற்றொரு கை அமர்ந்தது.

அது குளிர்ந்த கை அல்ல. வேலை செய்து சூடேறி, வியர்த்து, காய்ப்பேறிய கை. தொழில் தெரிந்தவன் புதியவனுக்கு வழி காட்டுவதுபோல நிதானமாக அழுத்தித் தள்ளியது.

"கைய எடுங்க பாய்!"

"வர மாட்டேங்குது."

"பாய்!"

"வர மாட்டேங்குதுய்யா!"

கலியமூர்த்தி ஒரு கட்டையை ஓங்கிச் சுழலும் பெல்ட்டில் அடித்தார். பெல்ட்டு கழன்று சுவரில் அறைந்தது. உருளை முனகி, தளர்ந்து, நின்றது. அமானுல்லாவின் விரல் நுனிக்கும் கத்திக்கும் இடையே ஒரு நெல்மணி அளவே இருந்தது. புறங்கையில் ஈரம் காயவில்லை.

அன்று மாலைக்குள் உருளையைக் கழற்றி, வெள்ளம் புரண்டோடிய மணிமுக்தாற்றில் இருவரும் எறிந்தனர். இயந்திரத்தின் வாய் வெறும் பொந்தாயிற்று.

சாதிகாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"போவட்டும், அண்ணே," என்றாள். "முழுசாப் போயி முழுசா வரட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், மறுநாள் புறப்படவிருந்த ஷபியுல்லா தன் உளிகளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அமானுல்லாவுக்கு முன்னே கொட்டகைக்கு நடந்தான். அமானுல்லா வாசலில் குடையை மடக்கும்போது உள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"மச்சான், நாம எப்ப தேக்கு வாங்கினோம்?"

அந்தக் கொட்டகைக்குள் ஒருநாளும் தேக்கு நுழைந்ததில்லை. ஆனால் இயந்திரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது பொன்னிறச் சீவல். காகிதம்போல மெல்லிய, சுருள் கலையாத தேக்குச் சீவல். ஷபியுல்லா குனிந்து, மேசையின் வாய்க்குள் வலக்கையை முழங்கைவரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"சூடா இருக்குது மச்சான். இன்னும் வந்துக்கிட்டே இருக்குது."

"மாப்ள," என்றார் அமானுல்லா. "கைய எடு." ஷபியுல்லா தோளைப் பின்னுக்கு இழுத்தான்; கை வாய்க்குள்ளேயே இருந்தது.

"எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், மச்சான்."