ஊஞ்சலுக்கு அப்புறம் சாப்பாடு

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். சில நேரம் வகுப்பு ஆசிரியரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார்.

வாலுவின் அத்தைதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சமையல். அவர் வீட்டில் சமைத்தால் வாலுவின் அப்பா தட்டை வழித்துச் சாப்பிடுவார். பள்ளிக்கூடத்திலோ மதியம் முடிந்ததும் குப்பை வாளி நிரம்பி வழியும். சோறு, பீன்ஸ், கேரட், பாதி கடித்த முட்டை எல்லாம் அதில் கிடக்கும்.

அதற்கு அத்தை செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. உப்பைக் குறைத்தார். உப்பைக் கூட்டினார். கேரட்டை நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டினார். பிள்ளைகள் நட்சத்திரங்களைப் பார்த்து "ஆகா!" என்றார்கள். பிறகு அவற்றையும் வாளியில் கொட்டினார்கள்.

ஒருநாள் உணவு அதிகாரி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகப் போய் வாளியின் மூடியைத் திறந்தார்.

"என்னம்மா இது? பிள்ளைங்க வயித்துக்குப் போக வேண்டியதெல்லாம் வாளிக்குள்ள போகுது?"

"ருசியாத்தான் சார் செய்யறேன்," என்றார் அத்தை.

"அப்புறம் ஏன் கொட்டறாங்க? நான் அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா இந்தச் சமையலறையை மூடிடுவோம். வெளியிலிருந்து பொட்டலச் சாப்பாடு வந்துடும். உங்களுக்குக் கிடங்குல வேலை."

கிடங்கு என்றால் நாள் முழுக்க மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே அடுப்பே கிடையாது. அன்று மாலை வீட்டில் அத்தை யாரோடும் பேசவில்லை. அவர் திட்டினால்கூட வாலு தாங்கிக்கொள்வாள். பேசாமல் இருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மழை ஊற்றித் தள்ளியது. அத்தை சூப்பில் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தார். அன்று வாளியில் ஒரு பீன்ஸ்கூட விழவில்லை.

"பார்த்தியா? மிளகுதான் விஷயம்! இத்தனை நாளா எனக்கு இது தோணவே இல்லையே!" அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் வெயில் அடித்தது. அத்தை மிளகை அள்ளிப் போட்டார். பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு வாய் சாப்பிட்டார்கள். வாளி பழையபடி நிரம்பிவிட்டது. அத்தையின் முகம் தொங்கிப்போனது.

அன்று வாலுவும்தான் பாதித் தட்டைக் கொட்டினாள். கொட்டிவிட்டு ஊஞ்சலுக்கு ஓடினாள். மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு ஊஞ்சல். தட்டைக் கழுவி வைத்தவர்கள்தான் வெளியே போகலாம் என்பது பள்ளிக்கூடத்தின் விதி. அதனால் முதலில் தட்டைக் கழுவியவருக்கே ஊஞ்சல்.

இரண்டு ஆட்டம்தான் ஆடியிருப்பாள். சட்டென்று காலை மண்ணில் ஊன்றி நிறுத்தினாள்.

"ஆடலைன்னா இறங்கு!" என்றான் வரிசையில் நின்ற அவள் நண்பன். அவனுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர்.

"டேய், நீ ஏன் சாப்பாட்டைக் கொட்டினே? பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? உட்கார்ந்து மென்னுக்கிட்டு இருந்தா ஊஞ்சல் கிடைக்குமா?"

"இப்ப பசிக்குதா?"

"வயிறு கத்துறது உனக்குக் கேட்கலையா?"

நேற்று மழை. யாரும் வெளியே போக முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்! வாலு ஊஞ்சலை அவனிடம் விட்டுவிட்டுத் தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினாள்.

"டீச்சர், மதியம் மணி அடிச்சதும் எங்களை முதல்ல விளையாட விடுங்க. அப்புறம் சாப்பிடறோம்."

"நாளைக்குப் பாடமே வேண்டாம்னு கேட்பே போலிருக்கே?"

"இல்ல டீச்சர். விளையாடப் போற அவசரத்துலதான் எல்லாரும் கொட்டறோம். நானும்தான் கொட்டறேன். அத்தை மேல ஒரு தப்பும் இல்ல."

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மண்ணும் கையுமா வந்து உட்காருவீங்களே?"

"கை கழுவாதவங்களை உள்ளே விடவே மாட்டேன். நானே வாசல்ல நிக்கறேன்."

"சரி, செஞ்சு பார்ப்போம்," என்றார் அவர்.

"சோறு ஆறிப்போகுமே!" என்று அத்தை மட்டும் புலம்பினார். ஆனாலும் சம்மதித்தார்.

அதிகாரி மறுபடி வந்தபோது மதிய மணி அடித்து ஓய்ந்திருந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் ஈ, காக்கை இல்லை.

"சாப்பிடவே யாரும் வரலையா? நிலைமை இவ்வளவு மோசமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் வெளியே போய் மைதானத்தை எட்டிப் பார்த்தார். அதற்குள் இரண்டாவது மணி அடித்தது. பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்கள்.

வாசலில் வாலு நின்றாள். "கையைக் காட்டு. இதென்ன மண்ணு? போ, திரும்பக் கழுவு!"

அதிகாரியும் உள்ளே வரப் பார்த்தார்.

"சார், உங்க கை?" என்றாள் வாலு.

அதிகாரி போய்க் கழுவிவிட்டு வந்தார்.

கூடத்தில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. பெரும்பாலோர் சாப்பிட்டு எழுந்தபின் அதிகாரி வாளியைத் திறந்தார். அடியில் முட்டை ஓடுகள் மட்டும் கிடந்தன. இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு மூடினார்.

"அம்மா, சமையலறை இங்கேயே இருக்கட்டும். பொட்டலச் சாப்பாடு வேண்டாம்னு நான் சொல்லிடறேன். கேட்குதா?"

அத்தைக்கு அவரைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூன்று பேர் இன்னும் கொஞ்சம் கேட்டுத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் கடைசியாக நின்றவள் வாலு.