கழித்தது போக மீதி

கித்தேரி மூன்று முறை குளித்தாள், மூன்றாவது முறை சோப்பு இல்லாமல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்திருந்த வெள்ளைப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அதில் ஜரிகையும் இல்லை, சாயமும் இல்லை. ரவிக்கைக்குப் பொத்தான் கிடையாது, நாடாதான். கூந்தலை நூலால் முடிந்துகொண்டு, செருப்பில்லாமல் முகத்துவாரத்தில் இருந்த கண்ணாடி அறையை நோக்கி நடந்தாள். வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் இந்தக் கோலம். இன்று ஒத்திகை, நாளை சோதனை.

அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூலையில் ஒரு கேமரா, சுவரோடு சேர்த்துப் பொருத்திய துகளெண்ணி. மேசைமேல் வெற்று நீர்க் குடுவைகள் வரிசையாக நின்றன. உள்நாட்டு ஆய்வகத்தில் மூன்று முறை காய்ச்சி வடித்து, கண்ணாடியில் அடைத்து முத்திரையிட்டு அனுப்பும் தண்ணீர் அது. அதில் நெகிழித் துகள் ஒன்றுகூட இருக்காது. ஒரு குடுவையைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. நீர்ச்சாட்சியின் வேலை அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது தண்டனையாக இருந்திருக்கும். கித்தேரிக்கோ வருஷத்திலேயே பிடித்த நேரம் அது. யாரும் அவளிடம் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம்.

விதி எளிமையானது. முகத்துவாரத்துத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு எத்தனை துகள் என்று எண்ணுவார்கள். சாட்சியின் பக்கத்தில் திறந்திருந்த வெற்று நீரில் எத்தனை விழுந்திருக்கிறது என்றும் எண்ணுவார்கள். பின்னதை முன்னதிலிருந்து கழிப்பார்கள். மனிதர்கள் படகில் போய்க் கையால் தண்ணீர் மொண்டு வந்த காலத்தில் எழுதிய விதி அது. காற்றிலும் கையிலும் இருந்து விழுந்ததைக் கடலின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது. கழித்தது போக மீதி நாற்பதுக்குள் இருந்தால் 'சுத்தம்', தாண்டினால் 'மாசு'.

அவள் ஊரான மணல்வாய் நான்கு வருஷமாகச் 'சுத்தம்'. ஐந்தாவது முறையும் அப்படியே வந்தால் கரையோரத்து ஆலை கடலில் விடும் கழிவுக்குழாய்க்கு நிரந்தர ஒப்பம் கிடைத்துவிடும். அதன்பின் சோதனை கிடையாது. சுத்தமான ஊருக்கு எதற்கென்று தண்ணீர் லாரியும் நின்றுபோகும். ஊரில் யாரும் அந்தக் கடலின் மீனைத் தின்பதில்லை. மட்டிச் சிப்பியைப் பிளந்தால் சதைமேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மின்னும். ஆனால் எண் இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தேழு என்றுதான் வந்தது. எண்ணியது கித்தேரி. ஊரில் யாராலும் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியவில்லை. அவளாலும் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

காலை அமர்வு முடிந்தது. வெற்று நீரில் ஐந்நூற்று எண்பத்தெட்டு. வழக்கம்போல் அது அறைக் காற்றிலிருந்து விழுந்தது என்றே அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டாவது அமர்வுக்குக் குடுவையைத் திறந்து வைத்த நேரத்தில் லாரியின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்த தண்ணீர் மூன்று நாள் கழித்துத்தான். போட்டது போட்டபடி ஓடினாள். இரண்டு குடத்தோடு வீட்டுக்குப் போய், திரும்ப வரும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. குடுவை திறந்தபடியே இருந்தது.

கொட்டிவிட்டு வேறு எடுப்பதுதான் முறை. கொட்டுவதற்கு எடுத்த குடுவையை அப்படியே துகளெண்ணியில் வைத்துப் பார்த்தாள்.

முப்பத்தொன்று.

கருவியைத் துடைத்து மறுபடி வைத்தாள். முப்பத்தொன்று. இன்னொரு குடுவையைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். இருபத்தொன்பது. வேறொன்றைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் குனிந்து கால் மணி நேரம் மூச்சு விட்டாள். நானூற்றுப் பதினாறு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தன. மூன்று முறை குளித்த கைகள்.

மாலையில் வாரியத்து ஆய்வாளர் நிறைகுளத்தான் முத்திரைகளைச் சரிபார்க்க வந்தார். கித்தேரி வாசலிலேயே மறித்தாள்.

"சார், இந்த அறைக் காத்துல ஒண்ணுமில்ல. முப்பதுதான். மிச்சம் பூரா எங்கிட்டருந்து வருது."

அவர் கையிலிருந்த முத்திரை அரக்கை மெதுவாகப் பைக்குள் போட்டார். "எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"அப்பம் ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"எல்லாக் கரையிலயும் இப்படித்தாம்மா. மூச்சு, வேர்வை, தோலு. நாப்பது வருஷமா உள்ள போனது கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது."

"தண்ணி எடுக்குற மெதவைய கடல்ல விட்டு பத்து வருஷமாச்சே சார். அதுவா மொண்டு, அதுவா மூடி, நேரா மிஷினுக்கு அனுப்புது. அந்தத் தண்ணியில எங்க ஆளுக மூச்சே படல. பெறவு எதுக்கு எங்களக் கழிக்கீக?"

"அந்தக் கழிக்கிற விதிய எடுத்துடலாம்னுதான் பேசிக்கிட்டிருந்தாங்க. அதுக்குள்ள உங்க போராட்டம் வந்துச்சு. வெளியாள நம்பமாட்டோம், ஊர்க்காரங்கதான் சாட்சியா உக்காரணும்னு கேட்டீங்க. ஆலைக்காரங்க ஒரே நாள்ல சம்மதிச்சாங்க." சற்றுத் தயங்கினார். "ஏன்னு அன்னைக்கு யாரும் கேக்கல."

அந்த நாள் கித்தேரிக்கு ஞாபகம் இருந்தது. கோயில் மணி அடித்தார்கள். நாற்பத்தொரு நாள் ஜெயிலில் இருந்து வந்த அவளுடைய அண்ணன் மனைவி பிரகாசியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்கச் சுற்றினார்கள். ஊரே அழுது சிரித்தது. வாங்கி வந்த உரிமையை எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து எவனோ படித்துப் பார்த்து, இதைவிட நல்ல செய்தி இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். இந்தக் கண்ணாடி முழுவதையும் உடைக்கலாம். உடைத்தால் ஐந்தாவது வருஷமும் சுத்தம் என்று அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

"நீங்க உக்காருங்க சார். நீங்க உள்நாட்டு ஆளு. ஒங்க தண்ணி நூறு தாண்டாது."

"உங்க ஊர்க்காரங்க கையத் தவிர வேற கை இதுல பட்டா சோதனையே செல்லாதும்மா. நீங்க எழுத வச்ச விதி." அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊருக்குள்ள துகள் கொறஞ்ச ஆளு யாராச்சும் இருந்தா உக்கார வைங்க. வயசெல்லாம் விதியில போடல."

பிரகாசி பத்தொன்பது நாள் பிள்ளையை மடியில் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை. கித்தேரி சொன்னதை முழுக்கக் கேட்டாள். அந்த வீட்டில் கித்தேரிக்குப் பிடித்ததே அதுதான்.

"அப்பம் நாந்தான் அவனுவளுக்குக் கதவத் தெறந்து விட்டுருக்கேன்," என்றாள் பிரகாசி.

"அப்படிச் சொல்லாதீக மயினி."

"பெறவு எப்படிட்டிச் சொல்ல?" பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். சட்டென்று நிமிர்ந்தாள். "இவ உக்காரட்டும்."

"ஆரு?"

"இவதான். பத்து மாசம் நான் ஒரு துண்டு மீனு தின்னுருப்பனா? லாரித் தண்ணி தவுத்து ஒரு மடக்கு குடிச்சிருப்பனா? ஒங்க அண்ணன் பண்டிகைக்கு நண்டு கொண்டாந்தப்பம் சட்டியோட வெளிய தூக்கி வச்சேம்லா? ஊருலயே சுத்தமான ஆளு இவதான். வயசு போடலன்னு அந்தாளே சொல்லிட்டாரு."

கித்தேரிக்கு உள்ளே ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. வாய் சரி என்றது.

மறுநாள் ஒன்பது மணிக்கு மிதவையின் தண்ணீர் எண்ணப்பட்டது. அறுநூற்றுப் பதினொன்று. பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து, பருத்தித் தொட்டிலில் மேசையோரம் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் குடுவை திறந்திருந்தது. பெரியவர்கள் மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"நாப்பது அம்பது வரும்," என்றாள் பிரகாசி. "இல்லாட்டி நூறு. நூறு வந்தாலும் போதும்லா?"

"போதும் மயினி. ஐந்நூறு மிச்சம் நிக்கும். கொழாய மூடித்தான் ஆகணும்."

முக்கால் மணி நேரம் பிள்ளை தூங்கியது. கடைசிக் கால் மணி நேரத்தில் விழித்து, முகம் சிவக்க அழுதது. கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை. சின்ன வாய் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. பிரகாசி இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

மணி முடிந்ததும் பிரகாசி பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். கித்தேரி குடுவையை வைத்தாள்.

எழுநூற்று இரண்டு.

நீர்ச்சாட்சிப் பயிற்சியின்போது ஓங்கில்கள் எனும் டால்பின்களைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. தாய் ஓங்கில் வாழ்நாள் முழுக்கக் கொழுப்பில் சேர்த்துவைத்த நஞ்சையெல்லாம் கருவிலும் பாலிலுமாக முதல் குட்டிக்குக் கொடுத்துவிடும். கொடுத்தபின் தாய் கொஞ்சம் சுத்தமாகும். அந்தப் பக்கத்தைக் கித்தேரி நல்ல மதிப்பெண்ணோடு தாண்டி வந்திருந்தாள்.

"என்னட்டி சொல்லுது மிஷினு?"

கித்தேரி சொன்னாள்.

பிரகாசி திரையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "பத்தொம்பது நாளுடி ஆகுது," என்றாள்.

அறுநூற்றுப் பதினொன்றில் எழுநூற்று இரண்டைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே தொண்ணூற்றொன்று. ஆய்வாளர் செருமினார். "கீழ போனா மிஷின் பூஜ்யம்னுதான் காட்டும். அதாவது… விதிப்படி கடல்ல ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்." சொன்னபின் அவருக்கே கூசியிருக்க வேண்டும். "வேணும்னா வேற சாட்சி வச்சு இன்னொரு வெற்று நீர் எடுக்கலாம். அது உங்க உரிமை."

"எடுக்கேன்," என்றாள் கித்தேரி.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தானே நான்கு வருஷமாகக் காத்திருந்து காத்திருந்து வந்தாள். அமைதி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவள் நெஞ்சு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆலைக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வாயைத் திறக்காமலே. இப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அடக்குவது? உயிரோடு இருப்பதே அவர்களுக்கு லாபம் என்றால் என்னதான் செய்வது? கண்ணாடிக்கு வெளியே பிரகாசி தரையில் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் பிள்ளையின் குடுவை எண் ஒட்டப்பட்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் கித்தேரி. மணி முடிவதற்கு வெகு நேரம் முன்பே என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மீதி நேரத்தைக் கோபத்தோடு உட்கார்ந்து கழித்தாள்.

ஐந்நூற்று எண்பத்தெட்டு. கடலின் எண்ணிலிருந்து கழித்தால் இருபத்துமூன்று. சுத்தம். நிறைகுளத்தான் கதவருகே வந்து, "பதிவு பண்ணிடுங்கம்மா," என்றார், தணிந்த குரலில்.

கித்தேரி பதிவுத் திரையைத் திறந்தாள். வெற்று நீர் என்ற கட்டத்தில் தன் எண்ணைப் போட்டாள். மாதிரி என்ற கட்டத்தில் எழுநூற்று இரண்டு என்று போட்டாள்.

"அம்மா, அது பிள்ளையோட குடுவை."

"ஆமா சார்."

"மாதிரின்னா கடல் தண்ணிம்மா. நீர்நிலையிலருந்து எடுக்கணும்."

"பெறந்த பிள்ளையில முக்காவாசி தண்ணிதான் சார். படிச்சிருப்பீகளே." அவள் திரும்பவில்லை. "கடலு எங்கன முடியுது, நாங்க எங்கன தொடங்குதோம்னு ஒங்க ஆளுக எங்கயாச்சும் கோடு கிழிச்சு வச்சிருக்கியளா? எங்களக் கடல்லருந்து கழிக்கலாம்னா, கடல எங்கள்லருந்து எடுத்து எண்ணவும் செய்யலாம்."

அவர் இரண்டடி உள்ளே வந்தார், விசைப்பலகையை நோக்கிக் கை நீண்டது. கேமராவைப் பார்த்தார். கை நின்றது. அந்த அறையில் தொடுவதற்கு உரிமையில்லாத ஒரே கை அவருடையது.

நீர்நிலையின் பெயர் என்று திரை கேட்டது. கரையோரத்து ஓடைகளின் பெயர் வாரியத்தின் பட்டியலில் இருப்பதில்லை என்பதால் அந்தக் கட்டத்தில் எதையும் எழுதலாம்.

"மயினி," என்றாள் கித்தேரி. "பேரு கேக்கு."

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஞானஸ்நானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பிரகாசி எழுந்து உள்ளே வந்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. திரையில் இருந்த இரண்டு எண்களையும் படித்தாள், போராட்டத்தில் மனுக்களைப் படித்தே பழகியவள்.

"பனிமயம்னு போடு," என்றாள்.

கித்தேரி போட்டாள். மீதி நூற்றுப் பதினான்கு. ஊரின் ஐந்தாவது வருஷப் பதிவு, ஆண்டுக்கு ஒன்றே ஒன்று: மாசு.

"நிரந்தர ஒப்பம் இந்த வருஷம் இல்ல," என்றார் நிறைகுளத்தான், யாருக்கோ சொல்வதுபோல. "மேல போய் அடிச்சுத் திருத்தப் பாப்பாங்க. கேமராவுல எல்லாம் இருக்கு, லேசுல முடியாது. ஆனா நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னு…"

கருவி காகிதத்தைத் துப்பியது. மாசு என்று வந்தால் உத்தரவு தானாக அச்சாகும். அதை ஆய்வாளர் ஊராரின் முன்னிலையில் வாய்விட்டுப் படித்தாக வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிள்ளை மறுபடி அழத் தொடங்கியது. பிரகாசி நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை விலக்கி, பால் கொடுத்தாள்.

"பனிமயம் என்னும் இந்நீர்நிலை மாசடைந்ததாக அறிவிக்கப்படுகிறது. பொதுமக்கள் இதனருகில் செல்வதோ, இதைத் தொடுவதோ, இதன் பக்கத்தில் கால்நடைகளை…" அவர் அடுத்த வரிக்குத் தாவினார். "ஏழு நாட்களுக்குள் சுற்றிலும் வேலியிடப்படும். மேலும், இந்நீர்நிலைக்கு மாசு வந்து சேரும் மூலத்தைக் கண்டறிந்து…"

நிறுத்திவிட்டார். அடுத்த சொல்லை அவர் பார்த்துவிட்டார். பிறகு நாற்காலியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காகிதத்துக்கே திரும்பினார்.

கித்தேரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறையில் பிள்ளை பால் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பிரகாசி பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"படிங்க சார்," என்றாள். "மூலத்த என்ன செய்யணுமாம்? மூடணுமாமா? சத்தமாப் படிங்க. கேமரா கேக்கட்டும்."